புகை எண்ணும் ஊர்

அந்த ஊரை நான் முதலில் பார்த்தது லண்டன் ஹவுன்ஸ்லோவில், ஒரு ஹோட்டலின் கீழ்த்தளத்தில், பெட்ஷீட் மடிக்கிற மேசையின் மேல். என்னோடு வேலை செய்த ஸ்பெயின்கார அன்ரி ஒரு தலையணை உறையைக் கசக்கி மலையாக்கினார். மலையின் மடிப்புக்குள் ஒரு பொத்தானை வைத்து, "இது கோயில்" என்றார். கழன்ற நூல் ஒன்றை மேசை விளிம்பிலிருந்து பொத்தான்வரை இழுத்துவிட்டார். அது பாதை.

"இதோட பாதை முடிஞ்சுது," என்றார். "அங்கால போக ஒருத்தருக்கும் அலுவல் இல்லை."

எண்பதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்தாறு வயது, அவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். இளம் வயதிலேயே லண்டன் ஹோட்டல்களில் அறை துப்புரவாக்க வந்தவர். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகள் கலியாணம் கட்டிக் கொஞ்சம் தள்ளி இருந்தாள். நான் யாழ்ப்பாணத்தில் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அகதியாக வந்த இடத்தில், ஹோம் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தால் அதை மூன்று பேரிடம் தனித்தனியே வாசிப்பித்து, மூவரும் ஒரே விஷயத்தைச் சொன்னால்தான் அன்று நித்திரை கொள்ளுவேன். எங்கள் இருவரின் ஆங்கிலமும் ஒரே அளவு உடைந்திருந்தது. அதனால் நன்றாக விளங்கியது. அவர் பேசியதை என் தமிழில்தான் இங்கே எழுதுகிறேன். எனக்கு அது தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது.

என்னை அவர் "மகன்" என்று கூப்பிடுவார். தங்கள் ஊரில் பஸ் கண்டக்டரையும் அப்படித்தான் கூப்பிடுவது, ஆனபடியால் நான் பெருமைப்படத் தேவையில்லை என்றும் சொல்லியிருந்தார்.

பெரிய பெட்ஷீட்டை இரண்டு பேர் சேர்ந்துதான் மடிக்க முடியும். ஆளுக்கு இரண்டு மூலை. கிட்ட நடந்து வந்து மூலைகளைக் கொடுத்துவிட்டு, குனிந்து அடுத்த மடிப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். அன்ரியின் ஊர்க்கதை இந்த நடைக்குள்தான் வந்தது. கிட்ட வரும்போது ஒரு வசனம், விலகும்போது மெஷின்களின் இரைச்சல். இப்படித் துண்டு துண்டாக மூன்று வருடம் கேட்டதில் அந்த ஊர் எனக்குப் பாடமாகிவிட்டது.

கடை இல்லை. ரொட்டி வான் வண்டி கிழமையில் இரண்டு தரம் வந்து ஹோர்ன் அடிக்கும். பாதிரியார் நாலைந்து ஊருக்குச் சேர்த்து ஒருவர். ஊராட்சிக்கு ஒரு கிளாக்கர் உண்டு, அவரும் வியாழக்கிழமை மட்டும். படிக்கப் பிள்ளைகள் இல்லாமல் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். இப்போது அதற்குள் ஒரு பக்கம் சின்ன பார், மறுபக்கம் ஊர்க்கூட்டம். குளிர்காலத்தில் இருபது, இருபத்தைந்து வீட்டில்தான் ஆள் இருக்கும். ஆகஸ்டில் வெளியே போனவர்கள் பிள்ளைகுட்டியோடு வந்து இறங்க, ஊர் கொள்ளாமல் போகும். செப்டம்பர் பிறந்ததும் ஒவ்வொரு கதவாகச் சாத்துப்படும். அவ்வளவு சின்ன இடமென்றாலும் அது தனி ஊராட்சி. தனி முத்திரை, தனி மேயர். கவுன்சிலர்கள் மட்டும் இல்லை. ஆட்கள் குறைவு என்பதால் மணி அடித்ததும் எல்லோருமே பள்ளிக்கூடத்துக்குள் போய் இருந்து கையை உயர்த்துவார்கள். அங்கே அதுதான் கவுன்சில்.

"நான் இஞ்ச கவுன்சிலிட்டை ஒரு குப்பைவாளி கேட்டு நாலு மாசமாய் நிக்கிறன்," என்றேன்.

"எங்கட ஊரிலை அஞ்சு நிமிசத்திலை கிடைக்கும். ஆனா அஞ்சு நிமிசமும் எல்லாருமாச் சேர்ந்து உன்னைப் பேசுவினம்."

மலையில் உள்ள பைன் காடு ஊருக்குப் பொது. அக்டோபர் மாதத்தில் வெட்டிய விறகைச் சம குவியல்களாகக் குவித்து, வீட்டுக்கு ஒரு குவியல் என்று சீட்டுக் குலுக்குவார்கள். விறகு பெரிய விஷயமில்லை. சீட்டில் பெயர் இருக்கும் வீடுதான் ஊர் வீடு. கூட்டத்தில் அதற்கு ஒரு கை உண்டு. பெயர் இல்லாத வீட்டில் வந்து இருக்கலாம், சமைக்கலாம், சாகலாம், ஆனால் வாய் திறக்க முடியாது. எது ஊர் வீடு என்பதை அவர்கள் காணி உறுதிப் பத்திரத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை. புகைபோக்கியைப் பார்த்து முடிவு செய்வார்கள். புகை வந்தால் ஆள் இருக்கிறது.

வெளிநாட்டுக்குப் போனவர்களுக்காக அந்த விதியைக் கொஞ்சம் இளக்கியிருந்தார்கள். சீட்டுக்கு முந்திய இரண்டு கிழமை, பதினாலு நாளும் வீட்டில் ஓர் ஆள் உண்டு உறங்கி, ஒருநாளும் விடாமல் நெருப்பு எரிந்தால் போதும். அடுத்தடுத்து இரண்டு வருடம் தவறினால் பெயரை வெட்டிவிடுவார்கள். ஆகஸ்ட் கொண்டாட்டத்துக்கு ஒருநாளும் போகாத அன்ரி, அக்டோபரில் மட்டும் லீவு எடுத்துக்கொண்டு அங்கே பூட்டிக் கிடக்கும் தன் வீட்டுக்கு ஓடுவது இதற்காகத்தான்.

"வேலையை விட்ட அண்டைக்கே நான் அங்க போயிடுவன்," என்பார். "பெயரில்லாத வீட்டுக்கை விருந்தாளி மாதிரி இருக்க என்னாலை ஏலாது."

"எங்கட பக்கம் மற்ற மாதிரி, அன்ரி," என்று ஒருநாள் சொன்னேன். "புகை வந்தா ஆள் இருக்கெண்டு பிடிச்சிடுவாங்கள். ஆமி லவுட்ஸ்பீக்கரிலை ஆம்பிளையள் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு வாங்கோ எண்டு கூப்பிடேக்கை, அம்மா எரியிற அடுப்பிலை தண்ணியை ஊத்திப்போட்டு எங்களை ஒளிச்சு வைப்பா. ஒருக்கா என்ரை அண்ணை கேக்காமல் எழும்பிப் போனவர். திரும்பி வர ரெண்டு வருசம்."

அன்ரி மூலைகளைப் பிடித்தபடி நடுவில் நின்றுவிட்டார்.

"எரியிற அடுப்பிலை தண்ணியோ? சாம்பல் பறந்திருக்குமே."

"ஓம். அண்டைக்கெல்லாம் சோத்திலை சாம்பல்தான்."

"மூலையைத் தா," என்றார்.

தொண்ணூறுகள் தொடங்கியபோது அவருடைய முழங்கால் தேய்ந்துபோய்விட்டது. ஒரு வருடம் நடக்க முடியாமல் அக்டோபர் பயணம் தவறியது. அடுத்த வருடம், நெடுநாள் காத்திருந்த ஆபரேஷனுக்குத் திகதி வந்தது. அதுவும் அக்டோபர், அதுவும் அந்த இரண்டு கிழமைக்குள். வேண்டாம் என்றால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். ஆபரேஷனுக்குப் போனால் வீட்டின் பெயர் போய்விடும்.

"மகளைக் கேட்டன். அவளுக்கு அது குளிக்க வசதியில்லாத ஒரு வீடு, அவ்வளவுதான்." ஆஸ்பத்திரிக் கடிதத்தை நாலாக, பெட்ஷீட் மடிப்பது போலவே மடித்தார். "விதியிலை ஆள் எண்டுதான் இருக்குது, மகன். ஆர் எண்டு இல்லை."

என்னைத்தான் போகச் சொல்கிறார் என்று விளங்கியது. நெருப்பு அணைந்துவிட்டால்? வீடே பற்றிக்கொண்டால்? விமான நிலையத்தில் திருப்பி அனுப்பினால்? திரும்பி வரும்போது லண்டனில் உள்ளே விடாவிட்டால்? என்னிடம் பாஸ்போட் இல்லை. அகதிகளுக்குக் கொடுக்கிற நீலப் பயணப் புத்தகம் அந்த வருடம்தான் வந்திருந்தது. எல்லா நாட்டுக்கும் செல்லும், இலங்கையைத் தவிர என்று அதில் எழுதியிருந்தது. அந்த வரியையும் மூன்று பேரிடம் வாசிப்பித்திருந்தேன்.

நான் வாடகைக்கு இருந்த வீட்டில் என்னோடு அறையைப் பகிர்ந்துகொண்ட ஊர்க்கார அண்ணை ஒருவர் எயார்போட்டில் பெட்டி ஏற்றுகிறவர். அவருக்கு இது பெரிய பகிடியாகிவிட்டது.

"லண்டனிலை புகைபோக்கி எல்லாத்தையும் சீமெந்து வைச்சு அடைச்சிட்டாங்கள். இஞ்ச நீ மிளகாய் வறுத்தாலே அலாரம் அடிக்குது. அங்க போய்ப் புகை போடப் போறியோ?"

"பயமாத்தான் இருக்குது, அண்ணை."

"ஸ்பெயினுக்குப் போறவன் கடலுக்குப் போவான்."

"எனக்கு நீந்தத் தெரியாதே."

"நெருப்பு மூட்டத் தெரியுமோ?"

அதுவும் அவ்வளவாகத் தெரியாது. ஆனாலும் போக வேண்டும் என்ற ஆசை பயத்தைவிட ஒரு விரல் அளவு கூடுதலாக இருந்தது. இவ்வளவு வருடம் ஹவுன்ஸ்லோவில் இருந்தும், நான் வீட்டில் இருக்கிறேனா இல்லையா என்று ஒருவரும் அண்ணாந்து பார்த்ததில்லை.

பஸ் இறங்கிய பட்டணத்துக்கு மேயரே தன் வான் வண்டியில் வந்தார். குள்ளமான, பேசாத மனிதர். அன்ரி கொடுத்துவிட்ட கடிதத்தை மூன்று தரம் வாசித்தார். அது எனக்குப் பிடித்திருந்தது. பாதை உண்மையிலேயே கோயிலோடு முடிந்தது. அடுப்பங்கரையில் நெருப்பிடம் ஓர் அறை அளவு பெரிது, அதன் உள்ளேயே இருந்து குளிர்காய ஒரு நீளப் பலகை வாங்கு போட்டிருந்தது. எப்படி அடுக்கினால் விறகு நின்று எரியும் என்று மேயர் காட்டித் தந்தார். ஒருவருக்கும் ஆங்கிலம் தெரியாது. என் பெயரும் அவர்கள் வாய்க்குள் நுழையவில்லை. ஊரே என்னை "லண்டன்" என்று கூப்பிட்டது.

புகை எண்ணுவது ஒவ்வொரு வருடமும் ஒரு வீட்டின் முறை. அந்த வருடம் எதிர்வீட்டுக்கு. அங்கே அறுபது வயதைத் தாண்டிய ஒரு மனுசி தனியாக இருந்தார். மத்தியானம் கோயில் மணி அடித்ததும் பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு கோயில் படியில் ஏறி நிற்பார். ஒவ்வொரு கூரையாகப் பார்த்து அடையாளம் போடுவார். அன்ரியின் கூரைக்கு வந்ததும் முதலில் புகையைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார், பிறகு எழுதுவார். மூன்றாம் நாளிலிருந்து மணி அடிக்க முன்னமே நான் முற்றத்தில் போய் நிற்கத் தொடங்கினேன். நிற்கத் தேவையில்லை. ஆனாலும் நின்றேன். தலையைச் சீவிக்கொண்டு நின்றேன். எழுதி முடித்ததும் அவர் தலையாட்டுவார், நானும் ஆட்டுவேன். அந்த ஒரு நிமிடத்துக்காகவே மிச்ச நாள் முழுவதும் விறகு சுமந்தேன் என்று சொன்னாலும் பொய்யில்லை.

பதினோராம் நாள். இரண்டு நாளாக மழை பெய்து அன்று காலை விட்டிருந்தது. உருளைக்கிழங்கு அவிய வைத்துவிட்டு வாங்கில் இருந்தேன். திடீரென்று ஒரு கரகரப்பு, பிறகு லவுட்ஸ்பீக்கரில் ஓர் ஆணின் குரல். பள்ளிக்கூடப் பக்கமிருந்துதான் வந்தது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. அதே வசனம் திரும்பவும், திரும்பவும். கதவுகள் திறபட்டன. சப்பாத்துக் கால்கள் ஒரே திசையில் நடந்தன. வீடு வீடாகத் தட்டிக்கொண்டு யாரோ என் பக்கம் வந்தார்கள்.

என் கைகள் என்னைக் கேட்கவில்லை. தண்ணீர் வாளியைத் தூக்கி நெருப்பில் கவிழ்த்தேன். சீறிக்கொண்டு சாம்பல் எழும்பிக் கண்ணையும் மூக்கையும் மூடியது. யன்னல் பலகைகளைச் சாத்தினேன். படிக்குக் கீழே பழைய மாப்பெட்டி ஒன்று இருந்தது. அதன் பின்னால் போய் முழங்காலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். கதவைத் தட்டினார்கள். "லண்டன்... லண்டன்..." என்று கூப்பிட்டது கேட்டது. மூச்சுவிடவில்லை. பிறகு கால்கள் போய்விட்டன.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. கோயில் மணி அடித்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கி, பன்னிரண்டு வந்தபோதுதான் எந்த ஊரில் இருக்கிறேன் என்ற நினைவு வந்தது.

ஓடிப்போய் விறகைத் தடவினேன். எல்லாம் சேறு. நெருப்புக்குச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. முகமெல்லாம் சாம்பலோடு வெளியே வந்தபோது எதிர்வீட்டு மனுசி படியில் நின்றார். அன்ரியின் கூரையை வெகுநேரம் பார்த்தார். பென்சிலை நாக்கில் வைத்து நனைத்தார். பிறகு ஒன்றும் எழுதாமல் கொப்பியை மூடினார். அன்று அவர் தலையாட்டவில்லை. என்னைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பாரில் இருந்த போனுக்கு மேயரே கூட்டிக்கொண்டு போனார். அன்ரி ஆபரேஷன் முடிந்து மகள் வீட்டில் இருந்தார்.

"அன்ரி, நெருப்பு அணைஞ்சு போச்சுது."

"மழையோ?"

"இல்லை. நான்தான் தண்ணி ஊத்தினனான்."

"லவுட்ஸ்பீக்கரோ?" என்றார்.

"ஓம்."

"மழைக்கு வாய்க்கால் உடைஞ்சிருக்கும். வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோட வா எண்டு கூப்பிடுறவங்கள். நான் உனக்கு அதைச் சொல்லேல்லை. நீ சொன்ன கதை தெரிஞ்சும் சொல்லேல்லை. எனக்கு அது ஒரு சத்தமாவே படுறேல்லை, மகன்."

"வீட்டின்ரை பெயர்..."

"போனை மேயரிட்டைக் குடு."

மேயர் வெகுநேரம் கேட்டுக்கொண்டு நின்றார். நடுவில் ஒருதரம் என்னைப் பார்த்தார், உடனே சுவரைப் பார்த்தார்.

அந்த வாய்க்காலில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துண்டு உண்டு. இடையில் கல் நட்டிருக்கும். மற்றத் துண்டுகளில் தண்ணீர் போகத் தொடங்கியிருந்தது. அன்ரியின் துண்டு மட்டும் சேறு மூடிக் கிடந்தது. தண்டிப்பதற்காக விட்டதல்ல, ஒரு வீட்டின் துண்டை மற்ற வீடு தொடாது. அடுத்த நாள் நெருப்பை மூட்டி வைத்துவிட்டு, மண்வெட்டி இரவல் வாங்கிப் போய்ப் பொழுதுபட்டும் வெட்டினேன். கைப்பிடியில் தோல் உரிந்தது. கரையில் நின்றவர்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். நான் வெட்டுகிற அழகுக்கு ஹவுன்ஸ்லோவிலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஒருவர் வந்து மண்வெட்டியை வாங்கி, எப்படிப் பிடிப்பது என்று காட்டிவிட்டு, திரும்ப என் கையிலேயே தந்துவிட்டுப் போனார்.

மிச்ச இரண்டு நாளும் நெருப்புக்குப் பக்கத்திலேயே கிடந்தேன். மத்தியானத்தில் முற்றத்துக்குப் போகக் கால் வரவில்லை. யன்னலால் பார்த்தேன்.

சீட்டு நாளில் பள்ளிக்கூடத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் இருந்து படித்த சின்ன மேசைக்குள் முழங்காலை மடக்கிக்கொண்டு இருந்தேன். மேயர் ஒவ்வொரு வீடாக வாசித்து, துண்டில் எழுதி, ஒரு தொப்பிக்குள் போட்டார். கடைசியாக அன்ரியின் வீடு வந்ததும் கை நின்றது. எதிர்வீட்டு மனுசி எழும்பிக் கொப்பியை விரித்து எல்லோருக்கும் காட்டினார். அடையாளங்கள் வரிசையாகப் போய், ஓரிடத்தில் வெறுமையாக இருந்து, திரும்பவும் தொடர்ந்தன. பிறகு அவர் ஏதோ சொன்னார். நீளமில்லை, நாலைந்து வசனம்தான். ஒருவரும் குறுக்கே பேசவில்லை.

மேயர் ஒரு கேள்வி கேட்டார். கைகள் உயர்ந்தன.

எதற்கு உயர்ந்தன என்று எனக்குத் தெரியாது. வைத்திருக்கவா, வெட்டவா? பதினேழு கை எண்ணினேன், திரும்ப எண்ணினால் பதினெட்டு. முகங்களைப் பார்த்தேன். அந்த ஊர் முகங்கள் மழையானாலும் வெயிலானாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். அன்ரிக்கு என்ன சொல்வேன் என்று வசனம் சேர்த்துக்கொண்டிருந்தேன். மேயர் குனிந்து எழுதினார். எழுதியதைத் தொப்பிக்குள் போட்டார். தொப்பியைக் குலுக்கிக்கொண்டு மேசை மேசையாக வந்து என் முன்னால் நீட்டினார்.

"லண்டன்," என்றார்.

எங்கள் வீட்டுக்கு வந்தது கோயிலுக்குப் பின்னால் இருந்த குவியல். "எங்கள்" என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

திரும்பி வந்து அன்ரியைப் பார்க்கப் போனபோது, அந்த மனுசி சொன்னது என்னவென்று கேட்டேன். மேயர் போனில் அவருக்குச் சொல்லியிருந்தார்.

"அண்டைக்குப் புகை இல்லை, பொய் எழுதமாட்டன் எண்டு முதலிலை சொன்னவளாம். உன்ரை அம்மான்ரை கதையை மேயரிட்டைக் கேட்டிருக்கிறாள். பேந்து சொன்னாளாம், எங்கட நாட்டுச் சண்டைக் காலத்திலை ஆம்பிளையளைத் தேடி வரேக்கை எங்கட அம்மாவும் அடுப்பிலை தண்ணி ஊத்தினவ, அதுக்காக ஒருத்தரும் எங்கட வீட்டை வெட்டேல்லை எண்டு." அன்ரி கட்டுப்போட்ட காலைத் தூக்கி மெல்ல இடம் மாற்றி வைத்தார். "அவளை எனக்குச் சின்னனிலை இருந்து தெரியும். இந்தக் கதையை நான் கேட்டதேயில்லை."

இரண்டு வருடத்தில் அன்ரி வேலையை விட்டுவிட்டு அங்கேயே போய்விட்டார். மூலை பிடிக்க வேறொருவர் வந்தார், நல்ல பிள்ளை, வாய் திறக்கமாட்டார். ஒவ்வொரு அக்டோபரும் போக நினைப்பேன். முதல் வருடம் ஷிப்ட், அடுத்த வருடம் கலியாணம், பிறகு பிள்ளைகள். அதற்கிடையில் யாழ்ப்பாணத்தில் ஊரோடு ஊராக எல்லோரும் வெளிக்கிட வேண்டிவந்து, எங்கள் வீடும் ஆளில்லாமல் போனது. கூரை இருக்கிறதா என்று கேட்டு எழுதக்கூட அந்த வீதியில் ஒருவர் மிஞ்சவில்லை. நாங்கள் லண்டனிலேயே செவன் கிங்ஸில் ஒரு வீட்டுக்குக் குடிவந்தோம்.

அக்டோபரில் போன் எடுப்பேன். எதிர்வீட்டு மனுசி சுகமாக இருக்கிறார், மேயர் இன்னும் அவரேதான். லவுட்ஸ்பீக்கரில் ஆட்களைக் கூப்பிட்டு முடித்த பிறகு அவர் ஒரு வசனம் சேர்த்துச் சொல்வாராம்.

"இண்டைக்கும் சொன்னவரோ, அன்ரி?"

"ஓம். வீட்டுக்கு ஒரு ஆள் வாங்கோ, ஒருத்தரும் நெருப்பை அணைக்க வேண்டாம் எண்டு."

"சிரிச்சவையோ?"

"சிரிக்காமலோ? லண்டன் எப்ப வருவான் எண்டும் கேட்டவை."

வருகிறேன் என்று ஒவ்வொரு தரமும் சொல்லிப் போனை வைப்பேன்.

செவன் கிங்ஸ் வீட்டுக்கும் ஒரு புகைபோக்கி இருக்கிறது. முந்தி இருந்தவர்கள் உள்ளே அடைத்துவிட்டார்கள். லீவு நாளில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வீட்டில் இருந்தால், வாசலுக்கு வந்து அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் ஒருநாள் வேலியால் எட்டி, கூரை ஒழுகுகிறதா என்று கேட்டார்.

ஓம், கொஞ்சம் ஒழுகுகிறது என்றேன். அவரும் வந்து என்னோடு சேர்ந்து அண்ணாந்து பார்த்தார்.